ஹைன்பர்க் காட்டுல பாக்க என்ன இருக்கு

"மச்சி, பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சுல்ல, இனி காடுதானேடா, அங்க என்ன இருக்கு?" கூட வந்த நண்பன் சொன்னது இது. கோபமா சொல்லல, கால் வலிக்குதுன்னு சாக்கும் சொல்லல, அவனுக்கு நிஜமாவே அப்படித்தான் பட்டிருக்கு. ஆஸ்திரியாவுல ஹைன்பர்க் ஊர்ப் பக்கம் காலைலேர்ந்து ரோமானியங்க கட்டின வாசல், அரங்கம், வீடுங்கன்னு பாத்துக்கிட்டே வந்தோம், டான்யூப் ஆத்தைத் தாண்டினா அந்தப் பக்கம் மரம், சேறு, தேங்கின தண்ணி, அப்புறம் இன்னும் மரம். அவன் பாட் டாய்ச் அல்டன்பர்க் ஸ்டேஷன்ல வியன்னா போற எஸ்7 ட்ரெயினைப் பிடிச்சுக் கிளம்பிட்டான், நான் பாலத்தைத் தாண்டி நடந்தேன். அந்தக் கேள்வி மட்டும் என்கூடவே வந்துச்சு. ராத்திரி போட்டோவை எல்லாம் க்ரூப்ல போட்டப்ப அவன் எடுத்ததுக்கு எல்லாரும் என்ன இடம் எந்தக் காலம்னு கேட்டாங்க, நான் காட்டுல எடுத்ததைப் பாத்துட்டு ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. மரத்தைப் பாத்து என்ன கேப்பாங்க, சரிதான். ஆனா அந்த நாள்ல நான் பாத்ததுலயே பெரிய வரலாற்றுச் சின்னம் அந்த மரங்கதான்னு எனக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு, அதை ரெண்டு வரியில வாட்ஸப்ல சொல்ல முடியல, அதனால இங்க எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் கல்லைக் குறைச்சுப் பேச வரல. காலைல நாங்க பாத்த அந்தப் பழைய ரோமானிய ஊர், கார்னுன்டும், பாக்க வேண்டிய இடம், அதுல சந்தேகமே இல்ல. பெட்ரோனெல்ல இறங்கி வயல்வெளி நடுவுல கொஞ்சம் நடந்தா ஹைடன்டோர் நிக்குது, நாலு தூண் மேல எழும்பின நினைவுச் சின்னத்துல இப்ப ரெண்டு தூணும் அதை இணைக்கற ஒரு வளைவும்தான் மிச்சம், ரெண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்துல, அதாவது கி.பி. 354லேர்ந்து 361க்குள்ள கட்டினது. சுத்தி வேற ஒண்ணுமே இல்லாத சமவெளியில அது மட்டும் தனியா நிக்கறதைப் பாத்தா யாருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வராது. கி.பி. 193ல செப்டிமியஸ் செவரஸை படைவீரங்க பேரரசனா அறிவிச்சது இந்த ஊர்லதான். 308ல டயோக்ளீஷியன், மாக்ஸிமியன், கலேரியஸ் மூணு பேரும் உக்காந்து பேரரசை யாரு எப்படி ஆளறதுன்னு பேசினதும் இங்கதான். மார்கஸ் அரேலியஸ் வடக்க இருந்த மார்கோமன்னி ஜனங்களோட சண்டை போட இங்க வந்து தங்கினப்பதான் தன்னோட தத்துவக் குறிப்புகள்ல ஒரு பகுதியை எழுதினாரு. பால்டிக் கடல் பக்கத்துலேர்ந்து அம்பர் கொண்டுவந்த வணிகப் பாதை ஆத்தைக் கடந்ததும் இந்த இடத்துலதான். ஊர் அரங்கத்துல 13,000 பேர் உக்காந்து பாத்திருக்கலாம்னு கணக்கு சொல்றாங்க, பக்கத்துலயே கிளாடியேட்டர் பயிற்சிப் பள்ளி ஒண்ணு மண்ணுக்கடியில இருக்கறதை தோண்டாமலே ரேடார் வெச்சுக் கண்டுபிடிச்சு 2011ல அறிவிச்சாங்க. 2021ல டான்யூப் ஓர ரோமானிய எல்லையை யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தப்ப இந்த ஊரும் அதுல வந்துடுச்சு.

இவ்வளவும் இருக்கற இடத்துல ஒருத்தர் திருப்திப்பட்டு ட்ரெயின் ஏறினா அதுல குத்தமே இல்ல. என்னை உறுத்தினது அது இல்ல. ஒரு இடத்துக்கு வரலாறு இருக்குன்னு சொல்ல நமக்கு கல்லோ செங்கலோ வேணும்னு நாம எப்ப முடிவு பண்ணினோம்? நடைப்பயணத்துக்குன்னு இருக்கற எந்த ஆப்பைத் திறந்தாலும் கோட்டைக்கு ஒரு குறி, தேவாலயத்துக்கு ஒரு குறி, இடிஞ்ச மதிலுக்கு ஒரு குறி இருக்கும், நடுவுல இருக்கற காடு வெறும் பச்சைக் கலர். ஒரு குறியிலேர்ந்து இன்னொரு குறிக்குப் போக நடுவுல நடக்க வேண்டிய தூரம், அவ்வளவுதான் காடு. நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நடந்துக்கிட்டிருந்தேன், இங்க மட்டும் அது செல்லுபடி ஆகல.

இன்னொரு விஷயம், ரோமானியங்களோட படை முகாம் ஆத்தை ஒட்டின மேட்டு மேலதான் இருந்துச்சு. அந்த முகாமோட வடக்குப் பக்கத்துல ஒரு பகுதியை ஆறு கரையை அரிச்சு அரிச்சு கீழ இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பேரரசோட எல்லைன்னு நம்பி எந்த ஆத்துப் பக்கத்துல சுவர் கட்டினாங்களோ அந்த ஆறே சுவரைத் தின்னுடுச்சு. மேட்டுல நின்னு கீழ பாத்தப்ப இது மனசுல பதிஞ்சுது, அப்ப இதுக்கு இன்னொரு பாதி ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்னு நினைக்கல.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஹைன்பர்க் பாலம் 1972ல திறந்தது, லாரியும் காரும் ஓயாம போற பாலம், ஓரத்துல நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் வழி இருக்கு. ஆத்தைத் தாண்டின உடனே பாலம் முடியறது இல்ல, அதுக்கப்புறமும் ரொம்ப தூரம் மரத்தோட தலைக்கு மேலயே போயிக்கிட்டிருக்கு, ஏன்னா கீழ இருக்கறது வெள்ளம் வந்தா முழுகற படுகை. இங்க ஆத்துல தண்ணி மட்டம் கோடைக்கும் வெள்ளத்துக்கும் நடுவுல 7 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும், ரெண்டு மாடி உயரம். கீழ இறங்கிக் காட்டுக்குள்ள போனா முதல்ல கண்ணுக்கு முன்னாடி மூக்குக்குத்தான் சேதி வருது, ஏப்ரல் மாசம் முழுக்க தரை பூரா காட்டுப் பூண்டு, காலை வெச்சா நசுங்கி பூண்டு வாசனை குப்புன்னு வரும். ஆத்துக்குப் பக்கத்துல வெள்ளை வில்லோ மரங்க, கொஞ்சம் உள்ள பாப்லர், இன்னும் மேடான இடத்துல ஓக், எல்ம், ஆஷ். எந்த மரம் நிக்குதுன்னு பாத்தாலே அந்த இடத்துல வருஷத்துல எவ்வளவு நாள் தண்ணி நிக்கும்னு சொல்லிடலாம், வில்லோ வேர் மாசக்கணக்குல தண்ணில கெடந்தாலும் தாங்கும், ஓக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு நடந்தா ஒரு அரை மீட்டர் மேடு பள்ளம் கூட மரத்தை வெச்சே தெரியும்.

விழுந்த மரத்தை யாரும் எடுக்கறது இல்ல. பாதைக்குக் குறுக்க விழுந்தா மட்டும் அறுத்து ஓரமா போடறாங்க, மத்தபடி அப்படியே மக்கிப் போக விட்டுடறாங்க. முதல் தடவை பாக்கறவங்களுக்கு இது கவனிப்பில்லாத காடு மாதிரிதான் தெரியும், இவ்வளவு மரம் வீணாப் போகுதேன்னு தோணும். ஆனா பட்ட மரத்துல மரங்கொத்தி பொந்து போடுது, பொந்துல வௌவால் தங்குது, உள்ள வண்டுப் புழு வளருது, ஓடையில விழுந்த மரத்தடியில மீன் குஞ்சு ஒளியுது. சுத்தம் பண்ணாம விடறதுதான் இங்க வேலை, அதை முடிவு பண்ணி, சட்டம் போட்டு, ஆள் வெச்சு செய்யறாங்க. வியன்னாவுக்கும் ப்ராட்டிஸ்லாவாவுக்கும் நடுவுல 9,600 ஹெக்டேருக்கு மேல இருக்கற டோனாவ் ஆவன் தேசியப் பூங்கா இது, 1996 அக்டோபர் 27ல ஒப்பந்தம் போட்டு உருவானது. ஆஸ்திரியாவுல டான்யூப் அணை எதுவும் இல்லாம தன் போக்குல ஓடற இடம் ரெண்டே ரெண்டுதான் மிச்சம், ஒண்ணு வாக்காவ் பள்ளத்தாக்கு, இன்னொண்ணு இது. மத்த இடத்துல எல்லாம் நீர்மின் நிலையம் ஒண்ணு மாத்தி ஒண்ணு நிக்குது.

1984 டிசம்பர்

நான் நடந்துக்கிட்டிருந்த இந்த ஸ்டோப்ஃபன்ராய்ட் காடுதான் அடுத்த மின் நிலையத்துக்குக் குறிச்ச இடம். அந்தக் காலத்து ஆளுங்களை இப்ப உக்காந்து திட்டறது சுலபம், ஆனா அணை கேட்டவங்க கிட்ட காரணம் இருந்துச்சு. 1978 நவம்பர்ல ட்ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையம் வேணுமா வேண்டாமான்னு நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடந்து, 50.47 சதவீதம் பேர் வேண்டாம்னு சொல்லி, கட்டி முடிச்ச நிலையத்தை ஓட்டவே இல்லாம பூட்டிட்டாங்க. அப்போ மின்சாரத்துக்கு எங்க போறது? ஆத்துத் தண்ணியில எடுக்கறது புகையில்லாத மின்சாரம், கட்டுமான வேலையில ஆயிரக்கணக்கான பேருக்கு சம்பளம், தொழிற்சங்கமே அணை வேணும்னு நின்னுச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்த சண்டை அது, அதனாலதான் அதை நான் மதிக்கறேன், ஒரு பக்கம் வில்லன் இன்னொரு பக்கம் ஹீரோன்னு இருந்திருந்தா இவ்வளவு யோசிக்க ஒண்ணும் இருந்திருக்காது.

1984 மே மாசம் வியன்னாவுல ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடந்துச்சு, வந்தவங்க எல்லாம் காட்டு விலங்கு, பறவை வேஷம் போட்டுக்கிட்டு வந்தாங்க, பத்திரிகையாளர் க்யுன்டர் நென்னிங் தலையில கொம்பு வெச்சுக்கிட்டு செந்நிற மானா வந்து உக்காந்தாரு. கேலிக்கூத்துன்னு ஒதுக்க முடியாத ஆளுங்க அவங்க, வேற வேற கட்சிக்காரங்க ஒரே மேஜையில உக்காந்திருந்தாங்க. 1973ல நோபல் பரிசு வாங்கின விலங்கு நடத்தை ஆராய்ச்சியாளர் கொன்ராட் லோரன்ஸ் பேர்ல மக்கள் மனு ஒண்ணு தயாராச்சு. ஆனா மனு பாட்டுக்கு மனு, மரம் வெட்ட அனுமதி கெடச்சுடுச்சு. டிசம்பர் 8ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் இந்தக் காட்டுக்கு ஊர்வலமா வந்தாங்க, வந்தவங்கள்ல பல நூறு பேர் சாயங்காலம் வீட்டுக்குப் போகாம அங்கயே கூடாரம் போட்டுத் தங்கிட்டாங்க. தண்ணி உறையற குளிர். வெட்ட ஆளும் மெஷினும் வந்தப்ப மரத்தைச் சுத்திக் கைகோத்து நின்னாங்க, பாதையில உக்காந்தாங்க, விழுந்த கிளையை எல்லாம் இழுத்துப் போட்டு வழியை மறிச்சாங்க. மாணவங்க, பேராசிரியருங்க, வயசானவங்க எல்லாரும் இருந்தாங்க, ஓவியர் ஹுன்டர்ட்வாஸர் வந்து தங்கி, தனக்கு அரசு குடுத்த பெரிய விருதுப் பத்திரத்தையே கிழிச்சுப் போட்டாரு.

டிசம்பர் 19ஆம் தேதி நூத்துக்கணக்கான போலீஸ் தடியோட காட்டுக்குள்ள வந்துச்சு. பலருக்கு அடி, ரத்தக் காயம், ஒரு பகுதியில மரமும் வெட்டினாங்க. அந்தப் படங்க டிவியில வந்த அன்னிக்கு சாயங்காலமே வியன்னாவுல சுமார் 40,000 பேர் தெருவுக்கு வந்துட்டாங்க. ரெண்டு மூணு நாள்ல சான்சலர் ஃப்ரெட் ஸினோவாட்ஸ் கிறிஸ்துமஸ் சமயத்துக்கு சண்டை நிறுத்தம்னு அறிவிச்சு வெட்டறதை நிறுத்தினாரு. அப்பவும் ஒரு கூட்டம் காட்டை விட்டு நகரல, கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அங்கயே போச்சு. ஜனவரியில உச்ச நிர்வாக நீதிமன்றம் வழக்கு முடியற வரைக்கும் வெட்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. மார்ச்ல கொன்ராட் லோரன்ஸ் மனுவுக்கு மூணரை லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க. அணை வரவே இல்ல. 1989ல எதிர்க் கரையில ரெகல்ஸ்ப்ருன் பக்கம் இருந்த 411 ஹெக்டேர் படுகையை ஒரு லட்சத்துக்கும் மேல பொது ஜனங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு உலக வனவிலங்கு நிதியம் மூலமா விலைக்கே வாங்கினாங்க, காடா இருக்கட்டும்னு வாங்கினாங்க.

இதெல்லாம் நடந்த இடத்துல நின்னா கண்ணுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. குளிர்ல தங்கினவங்க கூடாரம் போட்ட இடம் இதுன்னு தரையில அடையாளம் கெடையாது, பூண்டு இலைதான் மூடியிருக்கு. நடந்தது எதையும் காடு காட்டிக் குடுக்கறது இல்ல, அந்த நாலு வாரம் முழுக்க அவங்க கேட்டது என்னன்னா இங்க எதுவும் மாறக்கூடாதுங்கறதுதான். அவங்க ஜெயிச்சதுக்கு சாட்சி, அங்க ஒண்ணும் இல்லாம இருக்கறது. நண்பன் கேட்ட கேள்விக்கு அர்த்தம் எனக்கு அங்கதான் தலைகீழா மாறிப்போச்சு. அங்க என்ன இருக்குன்னு கேட்டான், காடுதான் இருக்கு. அது இருக்குங்கறதுதான் விஷயமே, ஏன்னா அது இருந்திருக்கக் கூடாது, கணக்குப் போட்டு, நக்ஷா போட்டு, அனுமதி வாங்கி எடுத்த முடிவுப்படி பாத்தா நான் நின்ன இடம் இன்னிக்கு கான்கிரீட்.

கல்லை எடுத்த கரை

பாலத்துக்குக் கீழ் பக்கமா, ஆறு ஓடற திசையில, கரையை ஒட்டி நடந்தா ஹைன்பர்க் ஊர் எதிர்க்கரையில முழுசாத் தெரியற இடம் வரும். மேல கோட்டை, கீழ பழைய மதில், அந்தப் பக்கம் ப்ரவுன்ஸ்பெர்க் குன்று. எல்லாரும் அந்தக் கரையை போட்டோ எடுக்கத்தான் இங்க வருவாங்க, நானும் அதுக்குத்தான் காமெராவை எடுத்தேன். அப்பத்தான் காலுக்குக் கீழ பாத்தேன். அதுவரைக்கும் நடந்த கரை எல்லாம் பெரிய பெரிய பாறாங்கல்லை அடுக்கிக் கட்டின சரிவு, எங்கயும் ஒரே கோணம், ஒரே சாம்பல் நிறம். இங்க திடீர்னு கல்லே இல்ல. கரை செங்குத்தா ஒடஞ்சு நிக்குது, பச்சை மண்ணு தெரியுது, வேரு அந்தரத்துல தொங்குது, ஒரு முழு வில்லோ மரம் தலைகுப்புற ஆத்துக்குள்ள கெடக்குது, அதோட கிளையில தண்ணி மோதி சுழிச்சுக்கிட்டுப் போகுது. கொஞ்சம் தள்ளி வெள்ளை வெளேர்னு கூழாங்கல் திட்டு. நான் பாத்துக்கிட்டிருக்கறப்பவே கையளவு மண்ணு பொலபொலன்னு உதிந்து தண்ணியில கரைஞ்சுது.

19ஆம் நூற்றாண்டுல டான்யூப்பை நேராக்கினப்ப, 1870லேர்ந்து 1875 வரைக்கும் வியன்னாவுல பெரிய வேலை நடந்து அப்புறம் கீழ்ப் பக்கமும் அது தொடர்ந்துச்சு, அப்பத்தான் கரையெல்லாம் கல்லால கட்டினாங்க. அதுக்கு முன்னாடி ஆறு ஒரே ஆறா இல்ல, பல கையாப் பிரிஞ்சு, தீவு தீவா விட்டு, வருஷா வருஷம் வழியை மாத்திக்கிட்டு ஓடிச்சு. கப்பல் போகணும், வெள்ளம் வரக்கூடாது, வயல் காப்பாத்தணும்னு கட்டினாங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன், மார்ச்ஃபெல்ட் சமவெளி முழுக்க அந்தக் கரைக்குப் பின்னாடிதான் பொழைக்குது. ஆனா கட்டின அன்னிலேர்ந்து காட்டுக்கும் ஆத்துக்கும் நடுவுல கதவு சாத்தின கதைதான். 2005, 2006 வாக்குல ஹைன்பர்க்குக்கு எதிர்ல கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தக் கல்லையெல்லாம் எடுத்துட்டாங்க. எடுத்துட்டு வேற எதையும் கட்டல. மிச்சத்தை ஆறு பாத்துக்கும்னு விட்டுட்டாங்க.

அந்த ஒடஞ்ச கரையில மேல் பக்கமா கைவிரல் நுழையற மாதிரியில்ல, அதைவிடக் கொஞ்சம் பெருசா வட்டமா ஓட்டை தெரிஞ்சுது. மீன்கொத்தி கூடு. மீன்கொத்திக்கு மரத்துல கூடு கட்டத் தெரியாது, புதுசா அறுந்து நிக்கற செங்குத்து மண்கரை வேணும், அதுல அரை மீட்டருக்கு மேல நீளமா சுரங்கம் தோண்டி அதோட கடைசியில முட்டை போடும். கல்லு கட்டின கரையில அது எங்க தோண்டும்? அதே மாதிரி கூழாங்கல் திட்டுல தரையில முட்டை போடற சின்ன உள்ளான் வகைப் பறவைக்கு வருஷா வருஷம் வெள்ளம் வந்து திட்டைக் கழுவி செடி முளைக்காம வெச்சாத்தான் இடம். அழிவுன்னு நாம பேர் வெக்கற வேலையை ஆறு செஞ்சாத்தான் இதுங்களுக்கு வீடு. கார்னுன்டும் மேட்டுல ஆறு தின்ன ரோமானிய மதில் அப்பத்தான் திரும்ப ஞாபகம் வந்துச்சு. அங்க நான் ஐயோ போச்சேன்னு வருத்தப்பட்டேன், இங்க அதே ஆறு அதே வேலையைச் செய்யுது, எனக்கு சந்தோஷமா இருக்கு. இந்த ரெண்டையும் எப்படி ஒண்ணா மனசுல வெச்சுக்கறதுன்னு ரொம்ப நேரம் அங்கயே உக்காந்து யோசிச்சேன். எதிர்க்கரையில இருந்த கோட்டையை அன்னிக்கு நான் போட்டோ எடுக்கவே இல்ல.

எனக்கு இப்ப தோணறது இதுதான். 1984ல காட்டுக்குள்ள உக்காந்தவங்க ஒண்ணு வராம தடுத்தாங்க, இருபது வருஷம் கழிச்சு கல்லை எடுத்தவங்க வந்த ஒண்ணை எடுத்து விட்டாங்க. ரெண்டுமே மனுஷன் செஞ்ச வேலை, ரெண்டும் ஒரு கோட்டை கட்டறதுக்கு ஆகற அளவு உழைப்பு, பேச்சுவார்த்தை, பணம், சண்டை எல்லாம் கேட்ட வேலை. ஆனா கோட்டையைக் காட்டி இதை அந்த மன்னன் கட்டினான்னு சொல்ற மாதிரி இந்தக் கரையைக் காட்டி இதை யாரு செஞ்சாங்கன்னு சொல்ல நமக்குப் பழக்கம் இல்ல. காட்டை நாம இயற்கைன்னு ஒரு பெட்டியில போட்டு, கோட்டையை வரலாறுன்னு இன்னொரு பெட்டியில போட்டு வெச்சுட்டோம். இந்தப் படுகையில நடந்தா அந்த ரெண்டு பெட்டியும் ஒட்டாது. இயற்கைன்னு நம்ம கண்ணுக்குப் படற ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் கையெழுத்து போட்டிருக்காங்க.

அங்கேர்ந்து திரும்பி மேற்க நடந்தேன், வெள்ளத்தடுப்புக் கரை மேல நேரா போற பாதை, இடது பக்கம் காடு, வலது பக்கம் வயல். கரை மேல சைக்கிள்காரங்க வேகமாப் போவாங்க, யூரோவெலோ 6 பாதை இது, அட்லாண்டிக்லேர்ந்து கருங்கடல் வரைக்கும் போறது. நடக்கறவங்களுக்கு அது சுகமில்ல, முடிஞ்ச இடத்துலயெல்லாம் காட்டுக்குள்ள இறங்கிப் போற ஒத்தையடிப் பாதையைப் பிடிக்கறது நல்லது. எக்கார்ட்ஸாவ் அரண்மனை அந்தப் பாதையோட முடிவுல வரும். ஆஸ்திரியாவோட கடைசிப் பேரரசர் முதலாம் கார்ல் 1918 நவம்பர்ல ஆட்சிப் பொறுப்புலேர்ந்து விலகறேன்னு கையெழுத்து போட்டுட்டு வந்து தங்கின வேட்டை மாளிகை அது, அங்க இருந்துதான் நவம்பர் 13ல ஹங்கேரி ஆட்சியிலேர்ந்தும் விலகினாரு, 1919 மார்ச்ல ஸ்விட்சர்லாந்துக்குக் கிளம்பிப் போயிட்டாரு. அழகான கட்டடம், உள்ள போய்ப் பாருங்க, நான் இங்க அதைப் பத்தி நிறைய சொல்லல.

சொல்ல ஆசைப்படறது அந்தப் பக்கத்து வாய்க்கால் ஒண்ணைப் பத்தி. ஃபாடன்பாக்னு பேரு, வெள்ளத்தடுப்புக் கரை கட்டினப்ப ஆத்துலேர்ந்து துண்டிச்சுப் போன பழைய கிளை, இப்ப அங்கங்க சேறும் பாசியும் நாணலுமா குட்டையாக் கெடக்கு. அதுல ஹுன்ட்ஸ்ஃபிஷ்னு ஒரு மீன், விரல் நீளம்தான், பழுப்பு நிறம், அழகுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. விரால் மாதிரி மேல வந்து காத்தை விழுங்கிக்கிட்டு ஆக்ஸிஜன் இல்லாத சேத்துத் தண்ணியிலயும் பொழைக்கும். ஆஸ்திரியாவுல இந்த மீன் அழிஞ்சே போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க, 1992ல இந்த வாய்க்கால்லதான் திரும்பக் கண்டுபிடிச்சாங்க. எட்டு வருஷம் முன்னாடி போலீஸும் கூட்டமும் மோதினப்ப இந்த மீன் இங்க இருக்குன்னு ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மீனைக் காப்பாத்தணும்னு யாரும் அங்க உக்காரல. பேர் தெரியாத உயிருக்கும் சேத்துத்தான் ஒரு காட்டை விட்டு வெக்கறோம்ங்கறது எனக்கு இதுலதான் புரிஞ்சுது, பட்டியல் போட்டுக் கணக்குக் காட்டி ஒரு காட்டோட மதிப்பைச் சொல்லிட முடியும்னு யாராவது சொன்னா நான் இந்த வாய்க்காலைத்தான் காட்டுவேன்.

போறவங்களுக்கு

ஏப்ரல், மே, இல்லேன்னா அக்டோபர் நல்ல சமயம். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் கொசு பிச்சு எடுத்துடும், வெள்ளம் வந்து வடிஞ்ச வருஷமா இருந்தா நின்னு மூச்சு விட முடியாது. உண்ணி உண்டு, முழு பேண்ட் போட்டுக்கிட்டு போங்க, ராத்திரி உடம்பைப் பாத்துக்கோங்க, உண்ணி கடியால வர்ற மூளைக் காய்ச்சலுக்கு ஆஸ்திரியாவுல பெரும்பாலானவங்க தடுப்பூசி போட்டுக்கறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஆத்துத் தண்ணி மட்டத்தைப் பாத்துடுங்க, மட்டம் ஏறினா காட்டுப் பாதை எல்லாம் தண்ணிக்குள்ள. காத்து பலமா அடிக்கற நாள்ல உள்ள போகாதீங்க, ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து நிறைய மரம் நின்னபடியே செத்துப்போயிருக்கு, கிளை எப்ப விழும்னு சொல்ல முடியாது. கார்னுன்டும் காலையில பாத்துட்டு மத்தியானம் பாலம் தாண்டினீங்கன்னா வரிசை சரியா இருக்கும், ஆனா ஹைன்பர்க்குக்கு எதிர்ல இருக்கற அந்த ஒடஞ்ச கரைக்கு ஒரு மணி நேரம் தனியா ஒதுக்குங்க.

ஒண்ணு பாக்கி இருக்கு. அணை வரலேன்னாலும் இந்த ஆறு முழுசா தப்பிச்சுடல. மேல வியன்னாவுல 1998லேர்ந்து ஃப்ராய்டனாவ் மின் நிலையம் ஓடுது, அதுக்கும் மேல வரிசையா அணைங்க, வரவேண்டிய கூழாங்கல் எல்லாம் அங்கயே தங்கிடுது. கல்லு கெடைக்காத ஆறு தன் அடித்தரையையே அரிச்சுக்கிட்டுப் போகுது, வருஷத்துக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர்னு தரை கீழ இறங்கிக்கிட்டே இருக்கு. ஆறு கீழ போகப் போக காட்டுல இருக்கற கிளை ஓடைங்களுக்குத் தண்ணி ஏறாது, நிலத்தடி நீரும் இறங்கும், வில்லோ நிக்கற இடத்துல வில்லோ முளைக்காது. இப்ப படகுல கூழாங்கல்லை ஏத்திக்கிட்டு வந்து ஆத்துல கொட்டறாங்க, அதுவும் போதல. கரைக்கல்லை எடுத்து, அடைச்சு வெச்ச கிளைகளைத் திறந்து விட்டா ஆத்துக்கு அகலம் கெடைக்கும், வேகம் கொறையும், தரை அரிக்கறதும் கொறையும். கப்பல் போக்குவரத்துக்காரங்க ஆழம் கொறைஞ்சா சரக்கு ஏத்த முடியாதுன்னு சொல்றாங்க, அவங்க கவலையும் நிஜம்தான். ஆனா ஹைன்பர்க்குக்கு எதிர்ல கரை ஒடஞ்சு கெடக்கு, அதுக்கு முன்னாடியே சரக்குக் கப்பல் போயிக்கிட்டுத்தான் இருக்கு, நான் உக்காந்திருந்தப்பவே ரெண்டு போச்சு. அந்த 3 கிலோமீட்டரை இன்னும் நீளமாக்கணும், ரெண்டு கரையிலயும்.